முப்பரிமாண வடிவியலுக்கு ஜியோஜீப்ரா: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கணிதச் செயலியான ஜியோஜீப்ராவில் முப்பரிமாணம் 2014-இல், 5-ஆம் பதிப்போடு வந்தது. கோடு, தளம், வெக்டர் கணக்குகளுக்கு இதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவருக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம்: ஒரே கோணத்தில் தெரியும் படத்தை நம்பி விடை எழுதக் கூடாது.

(1, 0, 2) வழியே (1, 2, 2) திசையில் ஒரு கோடு, (2, 3, 1) வழியே (2, 1, −2) திசையில் இன்னொரு கோடு போடுங்கள். திரையில் இரண்டும் வெட்டுவது போலவே தெரியும். இப்போது முதல் கோட்டின் திசையிலேயே பார்ப்பது போலப் படத்தைச் சுழற்றுங்கள். அது ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். மற்றது அதைத் தொடாமல் விலகிப் போகும். அந்த விலகல்தான் இரு கோடுகளுக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரம். சூத்திரம் சொல்வதும் இதையே. திசைகளின் குறுக்குப் பெருக்கம் (−6, 6, −3), அதன் நீளம் 9. புள்ளிகளை இணைக்கும் வெக்டர் (1, 3, −1). இவ்விரண்டின் புள்ளிப் பெருக்கம் 15. தூரம் 15/9, அதாவது 5/3. செயலி 1.67 என்று காட்டும், ஏனென்றால் இயல்பாக இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கும். இதே காரணத்தால் 0.004-உம் பூச்சியமாகத் தெரியும். அமைப்புகளில் தசம இடங்களைக் கூட்டிய பிறகே ‘வெட்டுகின்றன’ என்று முடிவு செய்யுங்கள்.

பெயரிடுவதில் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயருக்கு எண்களைக் கொடுத்தால் புள்ளி, சிறிய எழுத்தென்றால் வெக்டர். இசட் இல்லாத தளச் சமன்பாட்டுக்கு ‘0 இசட்’ சேர்த்துவிடுங்கள்; கோடா தளமா என்ற குழப்பம் வராது.

செயலியால் திருத்த முடியாத தவறுகளும் உண்டு. வெட்டும் புள்ளி தேடும்போது இரு கோடுகளுக்கும் ஒரே துணையலகை (கோட்டில் புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லும் மாறியை) எழுதுவது அதில் முக்கியமானது. (1, 0, 1) வழியே (1, 2, 2) திசைக் கோடும், (0, 7, 2) வழியே (1, −1, 1) திசைக் கோடும் (3, 4, 5)-இல் வெட்டுகின்றன. ஆனால் முதல் கோட்டில் துணையலகு 2, இரண்டாவதில் 3. ஒரே எழுத்தைப் போட்டால் முதல் ஆயத்தொலைவிலேயே 1 = 0 என்று வந்து, தீர்வே இல்லை என்று தோன்றும்.

கோட்டுக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட கோணத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். (1, 0, 0) திசைக்கும் (1, 2, 2)-ஐச் செங்குத்தாகக் கொண்ட தளத்துக்கும் புள்ளிப் பெருக்கம் வழியே 1/3 வருகிறது. கொசைன் எடுத்தால் 70.53°. அது செங்குத்தோடு உள்ள கோணம். தளத்தோடு உள்ள கோணத்துக்குச் சைன்தான், 19.47°. கையால் போட்ட விடையைச் செயலியின் கோணக் கருவியோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை உடனே சிக்கிவிடும். இதற்காகவே இந்தச் செயலியை மனமாரப் பரிந்துரைக்கலாம்.