ஃபைபர் சீட்டில் ஓட்டை போடக் கொடுக்கிறீர்களா? அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஃபைபர் பக்கெட் சீட் ஒரே வார்ப்பாக இருப்பதால், ஒரு மழை பெய்தால் போதும், உட்காரும் குழியில் தண்ணீர் தேங்கிவிடும். மெத்தை ஊறி, நாற்றம் பிடித்து, அடியில் பூஞ்சை படரும். அடியில் வடிகால் துளை போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அந்த வேலையைத்தான் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதே வேலையைக் கொடுக்கப் போகிறவர்களின் சீட்டாவது தப்பட்டும்.

கொடுக்கும்போதே மூன்று விஷயம் பேசிக்கொண்டோம். ட்ரில்லில் வைரத்தூள் பூசிய பிட் (துளைக்கும் முனை) போட வேண்டும், அடியில் மரக்கட்டை வைத்து இறுக்கிப் பிடித்துத் துளைக்க வேண்டும், துளையின் உள்சுவருக்கு எபாக்ஸி (காய்ந்தால் இறுகிவிடும் பசை) பூச வேண்டும். “கவலையே படாதீங்க சார், தினம் செய்யற வேலைதான்” என்றார்கள். பில்லிலும் “எபாக்ஸி சீல்” என்று தனியாகப் போட்டுக் காசு வாங்கினார்கள்.

சீட் திரும்பி வந்தபோது மேலே பார்க்க அழகாக இருந்தது. வட்டமான துளை, சுற்றி கருப்பாக ஒரு வளையம். அந்த வளையம் கொஞ்சம் மெத்தென்று இருந்ததுதான் உறுத்தியது. எபாக்ஸி காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், நகம் பதியாது. இதில் நகம் பதிந்தது. பிளேடால் சுரண்டினால் ரப்பர் மாதிரி சுருளாக உரிந்து வந்தது. சிலிக்கான்! உரித்ததும் அடியில் இருந்தது தெரிந்தது. ஜெல் கோட்டில், அதாவது சீட்டின் பளபளப்பான மேல்பூச்சில், துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல். சீட்டைக் கவிழ்த்தால் இன்னும் மோசம்: கண்ணாடி இழைகள் பிய்ந்து ஈர்க்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன, அவற்றைச் சுற்றி வெளிறிய திட்டு. அந்த வெள்ளை, அழுக்கு இல்லை. ரெசினும் (இழைகளைப் பிடித்து வைக்கும் பிசின்) இழையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கணீரென்ற சத்தம், வெள்ளைத் திட்டில் ‘தொப் தொப்’. உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருந்தன.

இது எப்படி நடக்கிறது என்றால், ஃபைபர் என்பது தகடு இல்லை, ரெசினில் ஒட்டிய துணி அடுக்குகள். பிட் கீழே வரும்போது, கடைசி ஒன்றிரண்டு அடுக்குகளுக்கு அடியில் தாங்க எதுவும் இல்லை. மொண்ணை பிட்டை வைத்து அழுத்தினால் அது வெட்டாது, அந்த அடுக்குகளைத் தள்ளிப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். கண்ணாடி இழையும் கார்பனும் சாதாரண இரும்பு பிட்டின் முனையைச் சீக்கிரம் தேய்த்துவிடும். மொண்ணையானால் உராய்வில் சூடு ஏறி ரெசின் இளகும். அதனால்தான் கார்பைடு அல்லது வைரத்தூள் பிட்டை வேகமாகச் சுற்றவிட்டு, அழுத்தாமல், மெல்ல இறக்க வேண்டும். ஜெல் கோட் பக்கம் டேப் ஒட்டி, முதலில் ட்ரில்லை எதிர்த்திசையில் சுற்றவிட்டு அந்த மேல்பூச்சை மட்டும் அரைத்து எடுத்துவிட்டு, அப்புறம் நேராகச் சுற்றினால் ஓரம் பெயராது. கடைசியில் துளையின் விளிம்பை லேசாகச் சாய்த்துவிட்டால் விரிசல் பரவாது. இதற்கெல்லாம் பெரிய இயந்திரம் தேவையில்லை, பொறுமை போதும்.

துளை போட்ட இடமும் தப்பு. சீட்டைக் கழற்றி மேசையில் வைத்து, அங்கே எது பள்ளமோ அங்கே போட்டிருக்கிறார்கள். காரில் சீட் பின்பக்கம் சாய்ந்துதானே உட்காரும்? பள்ளமும் பின்னால் போய்விடும். காரில் மாட்டி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன், துளைக்குப் பின்னால் குளம் கட்டி நின்றது. காரிலேயே தண்ணீர் ஊற்றி, தேங்கும் இடத்தில் குறி போட்டுவிட்டுத்தான் சீட்டைக் கழற்ற வேண்டும். இன்னொரு துளை சீட்டைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முழுப் பாரமும் இறங்கும் இடம் அது. இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். “சின்ன ஓட்டைதானே, சீட் உடைஞ்சா போச்சு?” என்றார்கள். பில்லில் இருந்த எபாக்ஸி எங்கே என்று கேட்டால், சிலிக்கானும் அதுவும் ஒன்றுதான் என்று சாதித்தார்கள். ஒன்றே இல்லை. வெட்டிய ஓரத்தில் திறந்து நிற்கும் இழை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும், அதை அடைக்கத்தான் எபாக்ஸி. சிலிக்கான் பட்ட இடத்திலோ அப்புறம் எபாக்ஸியே சரியாகப் பிடிக்காது. ஆக, மறைக்கப் பூசியது இப்போது ரிப்பேருக்கும் இடைஞ்சல். அதன் தடம் இல்லாமல் துடைத்து எடுத்தபிறகுதான் தேய்க்கவே ஆரம்பிக்கலாம். பிரிந்த இடத்தைச் சுற்றி, சீட்டின் தடிமனைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, புது இழை வைத்து ஒட்ட வேண்டும். 3 மி.மீ. தடிமனுக்கு எல்லாப் பக்கமும் 36 மி.மீ. ஒரு சின்ன ஓட்டைக்காக!

உங்கள் சீட்டில் நடுவே நுரை அடுக்கு இருந்தால் இன்னும் கவனம். துளையின் ஓரத்தில் நுரையைக் கொஞ்சம் தோண்டி, கெட்டியான எபாக்ஸி நிரப்பி, காய்ந்தபின் அதற்குள் மறுபடி துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8855-1999 போன்ற பாதுகாப்புத் தர முத்திரை ஒட்டிய பந்தய சீட் என்றால், தயாரித்தவர் அனுமதி இல்லாமல் ட்ரில்லே வைக்காதீர்கள். பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் நிராகரித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே வேலை முடித்து வாங்கியவர்கள் மெத்தையை எடுத்துவிட்டு நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் சுரண்டுங்கள், கவிழ்த்துப் பாருங்கள், நாணயத்தால் தட்டுங்கள். தேய்க்கப் போகிறீர்கள் என்றால் தூசுக்கான நல்ல மாஸ்க் போட்டு, அந்த இடத்தை ஈரமாக்கிக்கொண்டு தேயுங்கள். போல்ட் அருகே வெள்ளைத் திட்டு இருந்தால், சரிசெய்யும் வரை அந்த சீட்டில் உட்கார்ந்து காரை எடுக்க வேண்டாம்.