சிலந்திப் பேனைப் பிடிக்க எது சரி: மஞ்சள் அட்டையா, வெள்ளைத் தாளா, லென்ஸா?

மார்ச் பிறந்துவிட்டால் பெங்களூரு மாடித்தோட்டக்காரர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று தண்ணீர், இன்னொன்று இலைச் சாற்றை உறிஞ்சும் பொடி உயிரான சிலந்திப் பேன். வெயிலும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். சாலைத் தூசி படிந்த இலை என்றால் கேட்கவே வேண்டாம். என்ன மருந்து அடிக்கலாம் என்ற பேச்சு அப்புறம். செடியில் அது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமே, அதற்கு எது உதவும்?

மஞ்சள் ஒட்டும் அட்டையை நர்சரியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து விற்கிறார்கள். வெள்ளை ஈ, சிறகுள்ள அசுவினி எல்லாம் அதில் ஒட்டும். சிலந்திப் பேனுக்கோ சிறகே கிடையாது, அதனால் அட்டை சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார முடியாது. இந்த வேலைக்கு அட்டை வீண் செலவு.

வெள்ளைத் தாள் காசில்லாத வழி. அல்சூர் பக்கத்து மாடிகளில் அதிகம் தென்படும் கத்தரி, பீன்ஸ், ரோஜாவுக்கு இது நன்றாகவே உதவும். அடி இலைக்குக் கீழே தாளைப் பிடித்து, இலையை இரண்டு மூன்று முறை தட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். தூசி கிடந்த இடத்திலேயே கிடக்கும், பேன் நகரும். மெல்ல ஊர்வது பெரும்பாலும் செடியை உறிஞ்சுவது. விறுவிறுவென்று ஓடுவது அந்தப் பேனைத் தின்னும் வகையாக இருக்கலாம், நசுக்கிவிடாதீர்கள். காய்ந்துபோன செடியை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் பச்சையாக நிற்கும் செடியைத் தட்டிப் பாருங்கள். பேன் அடுத்துப் போகப்போவது அதற்குத்தான்.

ஆனால் முட்டை தாளில் விழாது. மருந்து அடித்த மறுநாள் தாள் வெறுமையாக இருக்கும், நாமும் ஒழிந்தது என்று நினைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெயிலில் முட்டை முதிர்ந்த பேனாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும்.

அதற்குத்தான் 10 மடங்கு கை லென்ஸ். நகை வேலைக்காரர்கள் வைத்திருப்பதே போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இலையின் அடிப்பக்கத்தை அதன் அருகே கொண்டுவர வேண்டும். நம் ஆட்கள் லென்ஸை இலைமேல் வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார்கள், அப்புறம் தெரியவில்லை என்கிறார்கள். சரியாகப் பிடித்தால் முதுகின் இருபுறமும் கரும்புள்ளி வைத்த, எட்டுக் கால் உருவம் தெரியும். அதன் அளவே அரை மில்லிமீட்டர்தான். பக்கத்தில் பளபளவென்று உருண்டை முட்டைகளும், உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்களும் கிடக்கும். அந்தத் தோலைத்தான் பலர் தூசி என்று துடைத்துவிடுகிறார்கள்.

மிளகாய் விஷயம் வேறு. பக்கத்து மாடி அக்கா, "தாள்ல ஒண்ணுமே விழலை தம்பி, இது வைரஸ்தான்" என்று செடியைப் பிடுங்கப் போனார். இலை கவிழ்த்த படகு மாதிரி கீழ்நோக்கி மடங்கியிருந்தது. இலைப்பேன் (த்ரிப்ஸ் பூச்சி) தாக்கினாலும் வைரஸ் வந்தாலும் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் சுருளும். கீழே மடங்கினால் சிலந்திப் பேனைவிடப் பொடியான இன்னொரு பேனை, மஞ்சள் முரணைச் சிலந்தியைச் சந்தேகிக்க வேண்டும். அது 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். தாளில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு லென்ஸிலும் சிரமம். 20 மடங்கில் பார்த்தபோது வெண்புள்ளி பதித்த முட்டைகள் தெரிந்தன. ஆண் ஒன்று இளம் பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு ஓடியது. செடி பிழைத்தது.

20 மடங்கு லென்ஸில் பார்வைப் பரப்பு சின்னது, கை லேசாக ஆடினாலும் எல்லாம் மங்கிவிடும். மாடிக் காற்றில் அதோடு மல்லுக்கட்டாமல் நுனியைக் கிள்ளி வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். முதிர்ந்து மடங்கிய இலையை விட இளந்தளிரைப் பாருங்கள், பேன் அங்கே ஏறியிருக்கும்.

போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் காட்டத் தோதானது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அதுவே மேல்.

என் கணக்கு இதுதான்: மிளகாயும் குடைமிளகாயும் வளர்ப்பவர் 20 மடங்கே வாங்கட்டும், மற்றவர்களுக்குத் தாளும் 10 மடங்கும் போதும். வெயில் மாதங்களில் வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பார்க்காமலேயே இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தை அடித்தால் பேன் சாகாது, சில சமயம் பெருகவும் செய்யும். லென்ஸில் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? தளிரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போய்க் கேட்டுப் பாருங்கள். இந்தப் பேன்களுக்கென்றே ஆராய்ச்சி நடக்கும் இடம் அது.