"லீக் ஆனது வெறும் கோடுதான் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

நான் இரண்டு மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். ஐந்து வருடமாக ஒரே கம்பெனியின் பில்லிங் சாப்ட்வேர்தான். வருடாந்திரப் பராமரிப்புப் பணத்தை (ஏ.எம்.சி.) ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை.

பிப்ரவரியில் ஐ.டி.யில் இருக்கும் என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, உங்க சாப்ட்வேரோட சோர்ஸ் கோடு கிட்ஹப்ல கிடக்குது. என்னன்னு கேளுங்க." சோர்ஸ் கோடு என்றால் அந்த சாப்ட்வேரை எழுதியிருக்கும் மூல நிரல்; கிட்ஹப் என்பது புரோகிராமர்கள் கோடு போட்டு வைக்கும் இணையதளம். கம்பெனியிடம் கேட்டேன். "வேலைய விட்டுப் போன பையன் ஒருத்தன் போட்டுட்டான், எடுத்தாச்சு சார். லீக் ஆனது வெறும் கோடுதான், உங்க டேட்டா உங்க கடையிலதான் இருக்கு" என்றார்கள். நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் வாடிக்கையாளர் ஒருவர், எழுபது வயதிருக்கும், கடைக்கு வந்தார். "தம்பி, உங்க கடையில இருந்து பேசுறோம், சுகர் மாத்திரை முடிஞ்சிருக்குமே, பாதி விலைக்குத் தர்றோம்னு சொன்னாங்க. பணம் கட்டிட்டேன், இன்னும் வரலியே" என்றார். மாத்திரை பெயர், டோஸ், கடைசியாக வாங்கிய தேதி எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். 4,200 ரூபாய் போனது. அந்த வாரமே இன்னும் ஆறு பேர் வந்தார்கள். எல்லோரையும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்க வைத்தேன்.

அக்கா மகன் வந்து உட்கார்ந்து பார்த்தான். பில் நின்றுபோனால் அவர்கள் ஆபீசிலிருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்வார்கள் இல்லையா, அதற்கான பாஸ்வேர்டை அந்தக் கோடுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். எல்லாக் கடைக்கும் அதே ஒன்று. கிட்ஹப்பிலிருந்து எடுத்து என்ன பயன்? அதற்குள் நகல் எடுத்தவனிடம் சாவி இருக்கிறது. அவர்கள் செய்திருக்க வேண்டியது அன்றைக்கே பூட்டை மாற்றுவது. அதைச் செய்யவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை.

பெரிய கம்பெனிகளிலும் இது நடந்திருக்கிறது. டொயோட்டாவின் டி-கனெக்ட் என்ற, காரை இணையத்தோடு இணைக்கும் சேவையின் கோடில் ஒரு பகுதி 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிட்ஹப்பில் திறந்து கிடந்தது. உள்ளே டேட்டா சர்வரின் சாவி. 2,96,019 பேரின் மின்னஞ்சல் முகவரி வெளியே போயிருக்கலாம் என்று கம்பெனியே அறிவித்தது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் சேவையான லாஸ்ட்பாஸ் 2022 ஆகஸ்டில், கோடு திருட்டுப் போனது, வாடிக்கையாளர் தகவல் போனதற்கு ஆதாரமில்லை என்றது. டிசம்பரில், அந்தத் திருட்டில் கிடைத்த தகவலை வைத்தே வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டக நகலையும் எடுத்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டது.

உங்கள் சாப்ட்வேர்க்காரரிடம் இன்றே கேளுங்கள்: ரிமோட் பாஸ்வேர்டு எங்கள் கடைக்கென்று தனியா, எல்லோருக்கும் ஒன்றா? கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பதில் வரும்வரை ரிமோட் இணைப்பை நிறுத்தி வையுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பெரியவரின் பணத்தை நானே கொடுத்துவிட்டேன். அந்தக் கம்பெனி மற்ற கடைகளுக்கு இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. எனக்குத் தெரிந்த கடைக்காரர்களுக்கு ஒவ்வொருவராக நான்தான் போன் செய்துகொண்டிருக்கிறேன்.