சாரல் சீசன்ல எந்தப் பழைய ஃபிலிம் கேமரா கை கொடுக்கும்? எம்எஃப்-2, கேபி10, ட்ரிப் 35, எக்ஸ்ஏ2

செங்கோட்டைப் பக்கம் ஃபிலிம்ல படம் எடுக்கணும்னா வானத்தப் பாத்துத்தான் கேமரா வாங்கணும். ஜூன் பொறந்துட்டா ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் சாரலும் உள்ள வந்துரும், புளியரை எஸ் வளைவுல ஏறினா மதியம் ரெண்டு மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருக்கும், அதே நாள்ல கிழக்க திரும்பி சுந்தரபாண்டியபுரம் போனா சூரியகாந்தி வயல்ல வெயில் கண்ணக் கூசும், கேரளாவுல இருந்து வேன் வேனா வந்து எறங்கி அந்தப் பூ நடுவுல நின்னு படம் எடுத்துட்டு இருப்பாங்க. ஒரே ரோல் இந்த ரெண்டு வெளிச்சத்தையும் தாங்கணும். நம்ம ஊர்ல கேமராவுக்கு வைக்கிற பரீட்சை இதுதான்.

இன்னொரு விஷயம் காசு. ரோல், டெவலப்பிங், ஸ்கேன், போக வர கூரியர் எல்லாம் சேத்தா எனக்கு ஒரு ரோலுக்கு ஆயிரத்தைநூறு ரூபா பக்கம் ஆவுது, முப்பத்தாறு படம்னா படத்துக்கு நாப்பது ரூபாக்கு மேல. அதனால கேமரா முந்நூறு ரூபாக்கு கிடைச்சுதா நாலாயிரத்துக்கா கிடைச்சுதாங்குறத விட முப்பத்தாறுல எத்தன தேறுதுங்குறதத்தான் நான் பாக்குறேன். ரெண்டு சீசனா இந்த நாலையும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன், எல்லாத்துலயும் பெரும்பாலும் 400 ஸ்பீட் கலர் நெகட்டிவ்தான் (ஃபிலிம் ஸ்பீட்னா வெளிச்சத்த எவ்ளோ சுலபமா பிடிக்கும்ங்குற அளவு, எண் கூடினா கொஞ்ச வெளிச்சமே போதும்).

மொதல்ல யாஷிகா எம்எஃப்-2 சூப்பர். தொண்ணூறுகள்ல கல்யாண வீடு, காதுகுத்து, குத்தாலக் குளியல்னு நம்ம வீட்டு ஆல்பத்துல பாதி இந்தக் கேமராவுல எடுத்ததாத்தான் இருக்கும். எனக்கு இது சித்தப்பாகிட்ட இருந்து வந்துச்சு. அவங்க இங்க ஸ்டூடியோ வச்சிருந்தவங்க, ஊட்டில ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி போட்ட இந்து கருப்பு வெள்ளை ஃபிலிம்லயே பாஸ்போர்ட் படம் எடுத்து டார்க் ரூம்ல கழுவினவங்க. 38 மில்லிமீட்டர் லென்ஸ், ஃபோகஸ் பண்ற வேலையே கிடையாது, ஒண்ணரை மீட்டர் தள்ளி நிக்கிற எல்லாமே ஓரளவு தெளிவா விழும். செல் ஃப்ளாஷுக்கும் வெளிச்சம் பத்தலன்னு எரியுற சிவப்பு விளக்குக்கும்தான், செல் இல்லன்னாலும் ஷட்டர் அடிக்கும். மழைல நனைஞ்சு ஃப்ளாஷ் செத்துப்போன எம்எஃப்-2 கூட பகல்ல படம் எடுக்கும்னா அதுக்குக் காரணம் இதுதான்.

ஆனா கையால ஃபிலிம் மாட்டுற கேமரா எல்லாத்துலயும் இருக்குற ஆபத்து இதுலயும் இருக்கு. போன வருஷம் ஆச்சிய கூட்டிட்டு கழுதுருட்டி பதிமூணு கண்ணறைப் பாலத்துக்குப் போனோம், அந்த லைன்ல 1904ல ரயில் ஓட ஆரம்பிச்ச காலத்துக் கருங்கல் பாலம், ஆச்சி சின்னப் பிள்ளைல அவங்க அப்பா கூட மீட்டர் கேஜ் ரயில்ல அதுமேல போயிருக்காங்க, பாலத்துக்குக் கீழ நின்னு மேல பாத்துட்டே இருந்தாங்க, அந்த முகத்த நான் நாலு படம் எடுத்தேன். கவுண்டர் முப்பத்தாறு தாண்டி முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதுன்னு போயிட்டே இருந்தப்பத்தான் வயித்தக் கலக்குச்சு. ஃபிலிம் நாக்கு ஸ்பூல்ல சிக்கவே இல்ல, டப்பாக்குள்ள இருந்து ஒரு அங்குலம் கூட வெளிய வரல. சித்தப்பாகிட்ட சொன்னதும் அவங்க கேட்ட மொத கேள்வி, "ஏலே, வைண்ட் பண்றப்ப ரீவைண்ட் குமிழ் சுத்துதான்னு பாத்தியா?" பாக்கல. மூடியப் போட்டு ரெண்டு ஷாட் வீணாக்கணும், அப்ப இடது பக்கக் குமிழ் எதிர்ப்பக்கமா சுத்தணும், சுத்தலன்னா ஃபிலிம் மாட்டல. இத வாசிக்கிற யாராவது ஒருத்தருக்காவது இது நடக்காம இருக்கணும்னுதான் எழுதுறேன், அந்த நாலு படம் இனி கிடையாது.

கோடக் கேபி10 பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. தென்காசில பழைய சாமான் கடைல முந்நூறு ரூபாக்கு எடுத்தேன். இதுவும் ஃபிக்ஸட் ஃபோகஸ்தான், முழுக்க பிளாஸ்டிக், கைல எடையே தெரியாது, நல்ல வெயில்ல படம் வரும், ஓரம் எல்லாம் எம்எஃப்-2வ விட இன்னும் மழுங்கலா இருக்கும். பசங்க கைல கொடுத்து மொத ரோல் பழக்குறதுக்கு இத விட நல்லது கிடையாது, கீழ போட்டாலும் மனசு பதறாது. மலைக்கு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க.

அடுத்தது ஒலிம்பஸ் ட்ரிப் 35, இதுகிட்டத்தான் நான் மனசப் பறிகொடுத்துட்டேன். 1967ல இருந்து 1984 வரைக்கும் ஜப்பான்ல போட்ட மாடல், நானூறு கிராம் பக்கம் இருக்கும், கைல எடுத்தா இரும்புத் துண்டு மாதிரி நிக்கும். லென்ஸச் சுத்தி குமிழ் குமிழா ஒரு கண்ணாடி வளையம் இருக்கும் பாருங்க, அது செலினியம் செல், வெளிச்சம் பட்டா அதுவே கரன்ட் உண்டாக்கி மீட்டர் முள்ள ஆட்டும், பேட்டரியே போட வேண்டாம். 40 மில்லிமீட்டர், எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் குறைஞ்சா லென்ஸ் திறப்பு பெருசு, வெளிச்சம் நிறைய உள்ள வரும்). ஷட்டருக்கு ரெண்டே ஸ்பீட், 1/40, 1/200 செகண்ட், எத எடுக்கணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும். ஃபோகஸுக்கு வளையத்துல நாலு படம் போட்டிருக்கும், ஒத்தத் தலைன்னா ஒரு மீட்டர், ரெண்டு ஆள்னா ஒண்ணரை, கூட்டம்னா மூணு, மலைன்னா தூரம். நம்ம வச்சது என்னன்னு வியூஃபைண்டருக்குள்ளயே கீழ ஒரு குட்டி ஜன்னல்ல தெரியும்.

சுந்தரபாண்டியபுரத்துல இத அடிச்சுக்க மத்த மூணாலயும் முடியல. சூரியகாந்தி இதழ்ல ஒட்டியிருந்த தேனீயோட றெக்கை வரைக்கும் ஸ்கேன்ல தெரிஞ்சுது, ஒத்தத் தலை குறில வச்சு ஒரு மீட்டர் கையால அளந்து நின்னு எடுத்தது, எம்எஃப்-2வும் கேபி10ம் அந்தக் கிட்டத்துக்கு வரவே முடியாது. ஆனா அன்னைக்கே சாயங்காலம் பாலருவி ரோட்டுல ஏறினதும் பட்டன அமுக்கினா வியூஃபைண்டர்ல சிவப்புக் கொடி எந்திரிக்குது, ஷட்டர் பூட்டிக்குது, வெளிச்சம் போதாது எடுக்க மாட்டேங்குது. இத நான் குறைன்னு சொல்ல மாட்டேன், நாப்பது ரூபாயக் காப்பாத்துது. கட்டாயம் எடுத்தே ஆகணும்னா லென்ஸ் திறப்பு வளையத்த ஏ (ஆட்டோ) குறில இருந்து 2.8க்குத் திருப்பினா கொடி வராது, ஷட்டர் 1/40ல நிக்கும், மூச்சப் பிடிச்சுட்டு அடிக்கலாம், மரத்தடி இருட்டுக்கு அதுவும் பத்தாது. ஃபிலிம் ஸ்பீடும் 400 வரைக்கும்தான், 800 போட இடம் இல்ல.

எக்ஸ்ஏ2 எனக்குக் கெடச்ச கதை எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கதை. புனலூர்ல ஒரு நண்பர், அவரோட மாமா கல்ஃப்ல இருந்து எண்பதுகள்ல கொண்டு வந்த கேமரா அலமாரில தூங்கிட்டு இருந்துச்சு, நான் ஆசையா பாத்தத பாத்துட்டு "சேட்டா, இது எடுத்தோ"ன்னு கைல கொடுத்துட்டார். நான் கவனிச்ச வரைக்கும் நல்ல காம்பாக்ட் வேணும்னா ஆன்லைன்ல தேடுறதுக்கு முன்னாடி கல்ஃப் போயிட்டு வந்தவங்க வீட்ல கேளுங்க, பொட்டியோட, பில்லோட, உள்ள ஒரு பாதி ரோலோட கூட இருக்கும்.

இது 1980ல வந்தது, சட்டைப் பைல போயிரும், மூடிய நகத்தி தொறந்தா கேமரா ரெடி, மூடினா லென்ஸ் பத்திரம், சாரல்ல இது எவ்ளோ பெரிய உபகாரம்னு நனைஞ்சவனுக்குத்தான் தெரியும். 35 மில்லிமீட்டர், எஃப் 3.5, ஷட்டர் ரெண்டு செகண்ட்ல இருந்து 1/750 வரைக்கும் தானா போகும், பட்டன் செல் ரெண்டு போடணும், எல்ஆர்44 எந்த வாட்ச் கடைலயும் கிடைக்கும். பதிமூணு கண்ணறைல மறுபடி போய் ஒரே இடத்துல நின்னு மூணையும் எடுத்துப் பாத்தேன், மணி நாலு, பாலத்துக்குப் பின்னாடி மஞ்சு, அதான் மூடுபனி, எறங்கிட்டு இருக்கு. எம்எஃப்-2ல சிவப்பு விளக்கு, எடுத்தேன், இருட்டுல சேறு பூசின மாதிரி வந்துச்சு. ட்ரிப்ல கொடி. எக்ஸ்ஏ2ல பச்சை விளக்கு எரிஞ்சுது, ஸ்பீட் குறைவு கை ஆடாமப் பாத்துக்கோன்னு அர்த்தம், கைப்பிடிச் சுவர் மேல வச்சேன், அடில இருக்குற டைமர் லீவர முன்னாடி இழுத்துவிட்டா அதுவே கால் மாதிரி நிக்கும், ஷட்டர் பட்டன் சும்மா தொட்டாலே அடிக்கும் அதனால ஆட்டமே இல்ல. கல்லு மேல வழியுற தண்ணி, நடுவுல பாசி, பின்னாடி வெள்ளையா மஞ்சு, எல்லாம் வந்துச்சு.

ஒரே ஒரு ஜாக்கிரதை. மஞ்சு வெள்ளையா இருக்குறதால மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தக் குறைச்சிரும், ஆளுங்க கருப்பா விழுவாங்க. 400 ஃபிலிம் போட்டு கேமராவுல ஃபிலிம் ஸ்பீட 200ல வச்சிருங்க, நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தத் தாங்கும், குறைஞ்சாத்தான் தாங்காது. ட்ரிப்லயும் இதே வித்தைதான். அப்புறம் எக்ஸ்ஏ2வ மூடித் தொறந்தா ஃபோகஸ் நடுக் குறிக்கு வந்துரும், பிரானூர் பார்டர் பரோட்டாக் கல்லு முன்னாடி அது வசதி, தொறந்தவுடனே அடிக்கலாம், ஆனா தூரத்து மலைக்கோ பக்கத்து முகத்துக்கோ ஒவ்வொரு தடவையும் மாத்தணும், நான் மறந்து ஆறு படம் விட்டிருக்கேன்.

தொண்ணூறுகளோட ஆட்டோ ஜூம் கேமராக்கள் மலிவா கிடைக்குதேன்னு கேப்பீங்க. ஆன்லைன்ல ஒருத்தர் நல்லா வேலை செய்யுதுன்னு வித்த ஒண்ண வாங்கினேன், செல் போடுற இடத்துல பச்சையா உப்பு பூத்திருந்துச்சு. அத விடுங்க, நல்லா இருக்குறதுலயே ஜூம் இழுத்தா லென்ஸ் ரொம்ப இருட்டாயிரும், நிறைய மாடல்ல ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷ் ஆட்டோவுக்கே திரும்பிரும், வெளிச்சம் குறைஞ்சா தானா அடிக்கும், சாரல்ல ஃப்ளாஷ் அடிச்சா ஒவ்வொரு துளியும் வெள்ள வெள்ளையா உருண்டையா முகத்துக்கு முன்னாடி நிக்கும். உள்ள போர்டு போச்சுன்னா ரிப்பேர் பண்ண ஆளும் கிடையாது.

அப்ப எத வாங்க? வெயில்ல மட்டும் எடுப்பேன், கிழக்க வயல், கோயில், சந்தைன்னா ட்ரிப் 35, கண்ண மூடிட்டு வாங்கலாம். மேற்க ஏறுறவங்களுக்கு, சாரல்ல அலையுறவங்களுக்கு எக்ஸ்ஏ2 தவிர இந்த நாலுல வேற எதையும் சொல்ல மாட்டேன். காசே இல்ல, வீட்ல எம்எஃப்-2 கெடக்குன்னா அதையே எடுங்க, வெளிச்சம் இருக்கும்போது எடுங்க, நான் ஆச்சிய போன பொங்கலுக்கு முற்றத்துல உக்கார வச்சு அதுலதான் எடுத்தேன், இப்ப அது எங்க வீட்டு நடுச்சுவர்ல இருக்கு.

வாங்குறப்ப பாக்க வேண்டியது: ட்ரிப்னா ஏ குறில வச்சு லென்ஸ உள்ளங்கையால முழுசா மூடிட்டு அமுக்குங்க, கொடி வரணும், அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பி அமுக்கினா கொடி வராம ஷட்டர் அடிக்கணும். ரெண்டுல ஒண்ணு நடக்கலன்னாலும் வச்சிட்டு வந்துருங்க, செலினியம் செத்திருக்கலாம். எல்லாத்துலயும் பின் மூடியத் தொறந்து ஓரத்துல இருக்குற கருப்பு ஃபோம விரலால தொடுங்க, தார் மாதிரி ஒட்டினா மாத்தணும், பல்குச்சில பஞ்சு சுத்தி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல தொட்டு சுரண்டி எடுத்துட்டு புதுசு ஒட்டிக்கலாம், அரைநாள் வேலை. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு சிலந்தி வல மாதிரி கோடு தெரியுதான்னு பாருங்க, அது பூஞ்சை, நம்ம ஊர் ஈரத்துக்கு அது நிக்காது, பரவும். வாங்கிட்டு வந்தப்புறம் காத்துப் புகாத டப்பால சிலிகா ஜெல் பொட்டலத்தோட வைங்க, சீசன் முடிஞ்சு பயன்படுத்தலன்னா செல்லக் கழட்டிருங்க.