‘நிரந்தர இணைப்பு’: நான்கு ஆண்டுகள் விற்றுப் பார்த்த அனுபவம்

சமையல் குறிப்புத் தளம் நடத்தும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: “நீங்கள் இணைப்பு விற்கிறீர்களே, அந்தச் சந்தையில் என் தளத்தையும் சேர்க்கட்டுமா? டொமைன் ரேட்டிங் 40 வந்துவிட்டது.” பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளைக் கொண்டு ஒரு தளத்துக்குப் போடும் மதிப்பெண் அது. சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நான்கு ஆண்டுகள் பணம் தந்த இடத்தைப் பழிக்க மனம் வரவில்லை. தாராளமாகச் சேருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இணைப்பு விற்பது என்றால், காசு வாங்கிக்கொண்டு நம் கட்டுரைக்குள் இன்னொருவரின் பக்கத்துக்கு இணைப்பு (பேக்லிங்க்) கொடுப்பது. அப்படிப் பல தளங்கள் சுட்டினால் கூகுள் தேடலில் தன் தளம் மேலே வரும் என்பது வாங்குபவரின் கணக்கு. இருவரையும் சேர்த்துவைக்கும் இணையதளம்தான் சந்தை. என்னுடையது மாடித் தோட்டம் பற்றிய ஆங்கிலத் தளம். இதுவரை 83 இணைப்புகள் விற்றிருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. 15ஆம் தேதி என்றால் 15ஆம் தேதிதான். தளத்தின் ஹோஸ்டிங் செலவை அந்த வருமானமே பார்த்துக்கொண்டது. மாடியில் சொட்டுநீர்க் குழாய் போட்டதும் அந்தப் பணத்தில்தான். கேள்வி கேட்டால் ஒரு நாளுக்குள் பணிவான பதில் வரும்.

விலை வைப்பதும் எளிது. ஒரு காலத்தில் கூகுள் டூல்பாரில் தெரிந்த பேஜ்ரேங்க் எண்ணை, அதாவது ஒரு பக்கத்துக்குக் கூகுளே போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து இணைப்புக்கு மாத வாடகை பேசினார்கள். 2016இல் அந்த எண் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. இப்போது ஏரெஃப்ஸ் தரும் டொமைன் ரேட்டிங்கும் மோஸ் தரும் டொமைன் அத்தாரிட்டியும்தான் விலைச்சீட்டு. இரண்டும் தனியார் நிறுவனங்களின் மதிப்பீடுகள். கூகுள் தன் தரவரிசைக்கு இவற்றை எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் என் எண் 31ஐத் தொட்டபோது சந்தை பரிந்துரைத்த விலை 45 டாலர். புதிய கட்டுரை என்றால் கூடுதல், பழைய கட்டுரைக்குள் செருகினால் குறைவு. சூதாட்டம், கடன் போன்றவற்றுக்குத் தனிக் கட்டம் உண்டு. அங்கே மூன்று மடங்கு கேட்கலாம். அந்தக் கட்டத்தில் முதல் நாளே ‘ஏற்பதில்லை’ என்று குறித்துவிட்டேன்.

என்னை நான்கு ஆண்டுகளாக உறுத்துவது ஒரே ஒரு சொல்: ‘நிரந்தரம்’. ஒருமுறை 45 டாலர் வாங்கினால் அந்த இணைப்பு என் பக்கத்தில் என்றென்றைக்கும் இருக்க வேண்டும். வாடகை போலப் பேசிக் கிரயம் எழுதி வாங்கும் வேலை இது. அதுவும் ஒருபக்கக் கிரயம். 12 மாதங்களுக்குள் நான் இணைப்பை எடுத்தால் முழுத் தொகையும் என் கணக்கிலிருந்து கழியும். எடுத்தேனா என்று பார்க்க ஒரு நிரல் தினமும் வந்துபோகும். வாங்கியவரோ, இணைப்பு போய்ச் சேரும் பக்கத்தை எந்த நாளிலும் எதுவாகவும் மாற்றிக்கொள்ளலாம். அதைப் பார்க்க எந்த நிரலும் வராது.

சென்ற கார்த்திகையில் நாகர்கோவிலிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். “தம்பி, தென்னை நார்க்கழிவை எத்தனை முறை அலச வேண்டும் என்று பார்க்க உங்கள் கட்டுரையில் இருந்த இணைப்பைத் தொட்டேன். ஏதோ சீட்டாட்டப் பக்கம் திறக்கிறது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.” அவ்வளவுதான் கடிதம். நானும் தொட்டுப் பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முன் நார்க்கழிவு பற்றிய பக்கமாக இருந்ததை ரீடைரக்ட் செய்து, அதாவது தொட்டவரைத் தானாகவே திசைதிருப்பி, ஒரு சூதாட்டத் தளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். மூன்று மடங்கு விலைக்கும் வேண்டாம் என்று நான் ஒதுக்கியதைச் சாதாரண விலைக்கே உள்ளே நுழைத்துவிட்டார்கள்.

சந்தைக்கு எழுதினேன். வாங்குபவரின் பக்கத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும், 12 மாதம் முடியாததால் எடுத்தால் தொகை கழியும் என்றும் பதில் வந்தது. விதிகளில் அப்படித்தான் இருக்கிறது, படித்துத்தான் ஒப்புக்கொண்டேன். அந்த மட்டில் அவர்கள் ஏமாற்றவில்லை. இணைப்பை எடுத்தேன். 45 டாலர் போயிற்று.

பிறகு மூன்று இரவுகள் உட்கார்ந்து மீதி 82 இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது பழுது. ஐந்து தளங்கள் செத்துக் கிடந்தன. நான்கு வேறு ஏதேதோ இடங்களுக்குப் போயின. இத்தனை நாள் நான் பார்க்காமல் விட்டதை என் வாசகர்கள் பார்த்திருக்கிறார்கள்.

விதி தெரியாமல் இதில் இறங்கியவன் அல்ல நான். காசு வாங்கிய இணைப்பை நோஃபாலோ என்றோ ஸ்பான்சர்டு என்றோ பக்கத்தின் நிரல்வரியில் குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. தரவரிசைக்கு இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறிகள் அவை. முன்னது 2005இல் வந்தது, பின்னது 2019இல். 2013இல் பிரிட்டனில் இன்டர்ஃப்ளோரா என்ற பூ நிறுவனம் காசு கொடுத்து இணைப்பு வாங்கிய விவகாரம் வெடித்தபோது, அந்த நிறுவனம் கூகுள் தேடல் முடிவுகளிலிருந்து சில நாட்கள் காணாமல் போனது. அதன் விளம்பரக் கட்டுரைகளை இட்ட வட்டாரச் செய்தித்தாள்களின் பேஜ்ரேங்கும் இறங்கியது. வாங்கியவரோடு விற்றவருக்கும் அடி. ஆனால் இந்தச் சந்தையில் ‘ஸ்பான்சர்டு’ என்று குறிப்பேன் என்று சொன்ன மறுகணம் வாங்க ஆள் இருக்காது. அவர்கள் காசு கொடுப்பது வாசகர் கண்ணுக்கல்ல, கூகுளின் கண்ணுக்கு.

இரண்டே இரண்டு பேர் விதிவிலக்கு. அதில் ஒருவர் நாட்டு விதை விற்பவர். “குறித்துக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கு வாங்குபவர் வந்தால் போதும்” என்றார். அந்த இணைப்பைத் தொட்டுப் பாகல் விதை வாங்கியவர்கள் முளைத்த படத்தை எனக்கும் அனுப்பினார்கள். நான்கு ஆண்டில் எனக்குக் கிடைத்த உண்மையான மகிழ்ச்சி அது. மற்ற 81 விற்பனையில் வாசகர் ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை.

போன மாதம் மிச்சமிருந்த எல்லா இணைப்புகளுக்கும் ‘ஸ்பான்சர்டு’ குறியைப் போட்டுவிட்டேன். இரண்டே நாளில் நிரல் கண்டுபிடித்தது. பட்டியலில் என் தளத்துக்குச் சிவப்புக் குறி, கணக்கில் பிடித்தம். மேலே எழுதிய நல்லவை எல்லாம் உண்மை, ஒரு வரியையும் அழிக்கவில்லை. இருந்தும் நண்பரே, சேர வேண்டாம்.

அந்த ஆசிரியைக்கு அன்றே பதில் எழுதினேன். கழுவிய நீரில் உப்பும் நிறமும் குறையும் வரை, குறைந்தது மூன்று முறையாவது அலசுங்கள் என்றேன். இணைப்பு இருந்த இடத்தில் இப்போது அதையே நான்கு வரிகளில் எழுதி வைத்திருக்கிறேன்.