சாக்கா சீலையா, சட்டியா போத்தலா? மலைநாட்டு வீட்டுக்கு எது ஒத்துவரும்

மிஞ்சிக் கிடப்பதை வைத்து வீட்டை அழகாக்கக் கற்றுத்தரும் வீடியோக்களில் எல்லாச் சுவரும் காய்ந்த சுவர். அட்டைப் பெட்டியை வெட்டு, கம் பூசு, வண்ணக் கடதாசி ஒட்டு, வேலை முடிந்தது. கொழும்பில் அது முடிந்த வேலையாக இருக்கலாம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே மாதக் கடைசியில் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஆடி பிறக்கும்போது அந்தப் பெட்டியின் அடி தொளதொளத்து, கடதாசி ஓரம் சுருண்டு, பின்பக்கம் பூசணம் பூத்திருக்கும். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு இது அவ்வளவு தலைவலி இல்லை. அந்த மாதங்களில் அவர்களுக்கு வெயிலும் காற்றும். பெரிய மழை ஐப்பசிக்கு மேல்தான்.

ஆகவே எது அழகு என்ற கேள்வி இரண்டாவதாக நிற்கட்டும். முதல் கேள்வி, செய்ததை எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்பது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் 10க்கு 12 அடிக் காம்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். மழை வந்து அறையும் வெளிச்சுவர் ஒன்று. அடுப்புச் சுவர் ஒன்று; அங்கே ஈரம் குறைவு, ஆனால் விறகுப் புகை எதிலும் பிசுபிசுவென்று படியும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான நடுச்சுவர் ஒன்று, வீட்டிலேயே நல்ல சுவர் அதுதான். 7 பேர்ச் காணியில் எழும்பிய புது வீடுகளிலும், நுவரெலியா டவுன் வீடுகளிலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. பெயர்தான் குசினி, ஹோல் என்று மாறும்.

பாடசாலைச் சாமானுக்கு: உரச் சாக்கும் பழைய சீலையும்

கொப்பி, கொம்பாஸ் பெட்டி, குடை, சொக்ஸ் எல்லாம் ஒரே மூலையில் குவிவது எல்லா வீட்டிலும் உள்ள கதை. இதற்குச் சுவரில் தொங்கும் பை அடுக்கு நல்ல தீர்வு. கீழே இடமே வேண்டாம். தைப்பதற்கு உரச் சாக்கு இருக்கிறது, பழைய சீலை அல்லது யூனிபோர்ம் துணி இருக்கிறது.

50 கிலோ உரச் சாக்கு என்பது பொலிபுரொப்பிலீன் நாடாவை நெய்தது. தண்ணீரைக் குடிக்காது, பூசணத்துக்கு அதில் தின்ன ஒன்றும் இல்லை. ஈரச் சுவரில் மாட்ட இதைவிட நல்ல துணி காசு கொடுத்தாலும் கிடைப்பது கஷ்டம். உள்ளே பொலித்தீன் பை இருந்தால் உருவி எடுத்துவிட்டு, சாக்கை உள்புறம் வெளியே திருப்பி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். யூரியா தண்ணீரில் சுலபமாகக் கரையும், போய்விடும். எவ்வளவு அலசினாலும் அரிசி, பருப்பு, வெங்காயம் என்று வாயில் போகிற எதையும் அதில் வைக்கவேண்டாம்.

தையல் பெரிய வித்தை இல்லை. ஒரு பக்கத்தையும் அடியையும் வெட்டி, சாக்கை ஒரே விரிப்பாக்குங்கள். கீழிருந்து ஒரு சாண் உயரம் மேலே மடித்தால் அதுவே பை. நீளமான சீ.ஆர். கொப்பி வைப்பதாக இருந்தால் ஒரு சாண் போதாது, கொப்பியையே வைத்து அளந்துகொள்ளுங்கள். நடுவில் நெடுக்குவாட்டில் தைத்தால் ஒரு பை இரண்டாகும், மூன்றாகும். சாக்கு ஊசியும், சாக்கு வாயைக் கட்டியிருந்த நூலுமே போதும். அந்த நூலைப் பிரிக்கும்போது வீசாமல் சுற்றி வையுங்கள். தொல்லை தருவது வெட்டிய ஓரம்தான். நாடா நாடாவாகப் பிரிந்துகொண்டே வரும். சிலர் மெழுகுவர்த்தியில் ஓரத்தைச் சுட்டு உருக்குகிறார்கள். அது பிடித்து எரியும், புகையும் நல்லதல்ல. ஓரத்தை இரண்டு முறை மடித்து அதன்மேல் தைப்பது நேரம் பிடித்தாலும் பாதுகாப்பு.

சீலைப் பை அடுக்கு பார்வைக்கு எங்கேயோ போய்விடும். பட்டுக்கரை வைத்த ஒரு பழைய சீலை முந்தானையைப் பைகளின் வாய்க்கு வைத்துத் தைத்தால் காம்பராவே மாறிவிடும். ஆனால் தனித்துணி தொங்கும், கொப்பிப் பாரத்தில் வாய் பிளக்கும். பின்னால் கெட்டியாக ஒன்று வேண்டும். வெளிச்சுவரில் மாட்டினால் அடைமழைக் காலத்தில் பின்பக்கம் கறுப்புப் புள்ளி விழும், விழுந்த புள்ளி வெளுப்பதில்லை. கழுவிக் காயவைக்கலாம் என்பார்கள். கல்யாணச் சோற்றுக்கு வரிசையில் நிற்பதுபோல் பிள்ளைகளின் யூனிபோர்மே அடுப்புக்கு மேலே காயக் காத்திருக்கும் நாளில், பை அடுக்கை யார் காயப்போடுவது?

என் ஓட்டு இரண்டுக்கும் சேர்த்துத்தான்: பின்னால் சாக்கு, முகப்புக்கு மட்டும் சீலைக்கரை. தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்பவர்களுக்கு, வெளிச்சுவரில் சாக்கு, நடுச்சுவரில் சீலை. இஸ்தோப்பில் வெயில் நேராகப் படும் இடத்தில் சாக்கை மாட்டாதீர்கள். வெயில் பட்டுப் பட்டு அந்த நாடா பொடிப்பொடியாக உதிரும், அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும்.

மாட்டுவது தனிப் பிரச்சினை. பழைய லயத்துச் சுவரில் ஆணி அடித்தால் சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று கொட்டும், பக்கத்து வீட்டிலிருந்தும் சத்தம் வரும். ஆணிக்குப் பதில் கூரை மரத்திலிருந்து இரண்டு கயிறு இறக்கி ஒரு ரீப்பையை, அதாவது மெல்லிய மரச் சட்டத்தை, கிடையாகக் கட்டுங்கள். எல்லாப் பாரமும் அதில் தொங்கட்டும், சுவருக்கும் பைக்கும் நடுவே காற்றும் போகும். கொக்கிக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாற்றில் கவை கவையாக எத்தனையோ கிடக்கும். தேயிலைக் கட்டை நல்ல வைரம். பட்டையைச் சீவிவிட்டுக் காயவைத்தால் நனைந்த கோட்டையும் தாங்கும்.

பெட்டிக்கு: அட்டையும் தேயிலைச் சாக்கும்

அட்டைப் பெட்டிக்கு நான் எதிரி இல்லை. 400 கிராம் பால்மாப் பெட்டிகளை மேல்பக்கம் வெட்டி, அலுமாரி இழுப்பறைக்குள் வரிசையாக நெருக்கி வைத்தால் ஊசி, நூல், பொத்தான், மருந்துச் சீட்டு எல்லாம் தனித்தனியாக நிற்கும். உள்ளே இருந்த ஃபொயில் உறையையும் வீசாதீர்கள். கழுவித் துடைத்து, பளபளப்பான பக்கம் மேலே தெரிய அடியில் விரித்தால் ஈரம் மேலே ஏறாது. அட்டைக்குத் தகுந்த இடம் இழுப்பறையும் நடுச்சுவரும்தான். தரையில் வைக்கவே கூடாது.

பெட்டிக்கு உள்ளேயும் தட்டுக்கும் தேயிலைச் சாக்கு. இப்போது ஃபெக்டரியிலிருந்து தேயிலை போவது பல மடிப்புக் கடதாசிச் சாக்கில், உள்மடிப்பில் அலுமினிய ஃபொயில் உண்டு. கிழிந்து கழிந்த சாக்கு ஒன்று கையில் கிடைத்தால் அதைவிட நல்ல தட்டு விரிப்பு இல்லை. துணி வைக்கும் பெட்டிக்கு உள்ளே ஒட்டலாம், புத்தகத் தட்டில் விரிக்கலாம். கெட்டிக் கடதாசி, மடித்த மடிப்பு அப்படியே நிற்கும். தாத்தா காலத்துப் பலகைத் தேயிலைப் பெட்டி, ஓரமெல்லாம் தகரப் பட்டி அடித்தது, சில வீடுகளில் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதற்குப் போட்டியாக நிறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. நான்கு மூலையிலும் செங்கல் வைத்துத் தூக்கி, மேலே ஒரு பழைய கம்பளித் துண்டைப் போட்டால் உட்காரவும் ஆயிற்று, உள்ளே போர்வையும் ஆயிற்று. அதன்மேல் பெயின்ட் அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எஸ்டேட் பெயர் அச்சடித்த பக்கத்தையாவது விட்டுவிடுங்கள்.

ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசையா, வெள்ளைப் பைண்டர் கம்மா? மாப் பசைக்குச் செலவில்லை. கரப்பானும் பூசணமும் அதற்குத்தான் முதலில் வரும். பைண்டர் கம் கெட்டி, ஆனால் அதற்குக் குளிர் ஆகாது. நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி விழும் காலத்தில் இரவில் ஒட்டிவைத்தால், கம் கண்ணாடிபோல் தெளியாமல் வெள்ளைத் தூளாகக் காய்ந்து பிடிமானம் போய்விடும். ஒட்டுவதைப் பகல் 11 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தைக்க முடிந்த இடத்தில் இரண்டுமே வேண்டாம், ஊசிதான்.

சில்லறைச் சாமானுக்கு: சமன் டின்னும் சோடாப் போத்தலும்

இதில் அதிகம் பேச இல்லை. கரண்டி, கத்தி, தீப்பெட்டி என்று அடுப்புச் சுவரில் நிற்கவேண்டியதற்கு 425 கிராம் சமன் மீன் டின். பேனை, பிரஷ், சீப்பு என்று அடுப்பைவிட்டுத் தள்ளி நிற்பதற்கு பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பாகம். போத்தல் அடுப்புச் சூட்டில் சுருங்கிக் கோணும், டின் கோணாது. டின்னில் மீன் வாசம் போக, சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தேய்த்து வெந்நீரில் ஊறவிடுங்கள். வாய் ஓரத்தை இடுக்கியால் உள்ளே அமுக்கி மடிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டாம். போத்தலை வெட்டினால் வரும் கூர் ஓரத்துக்குச் சூடான அயன் பெட்டியில் ஒரு நொடி வைத்து எடுத்தால் போதும், உருண்டு மழுங்கிவிடும். அயன் தட்டில் ஒட்டாமல் நடுவே ஒரு கடதாசி வையுங்கள்.

டின்னுக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் கதவுக்கு அடித்து மிஞ்சிய எனமல்தான் சரி. சுவருக்கு அடித்த இமல்ஷன் தகரத்தில் நிற்காது, நகம் பட்டால் தோல் தோலாக உரியும். மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, பழைய சொக்ஸில் வடிகட்டினால் அரை டின் எனமல் இன்னும் பத்து டின்னுக்கு வரும். ஆனால் பல வருடமாகத் தூங்கும் பெயின்டை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து எனமலில் ஈயம் இருக்கக்கூடும்.

பூவுக்கும் கீரைக்கும்: தயிர்ச் சட்டியும் போத்தலும்

எனக்குப் பிடித்த போட்டி இதுதான். இந்த நாட்டில் எருமைத் தயிர் வாங்குகிறவர் வீட்டில் மண்சட்டி சேராமல் இருக்காது. திஸ்ஸமகாராமப் பக்கமிருந்து வரும் சட்டியோ உள்ளூர்ச் சட்டியோ, அந்த அகன்ற வாயும் வெளியே தள்ளிய விளிம்பும் கயிறு கட்டித் தொங்கவிடவே செய்ததுபோல் இருக்கும். அப்பச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் இரண்டு நாள் வைத்தால் புளித்த வாடை போகும். அடியில் ஓட்டை போடத்தான் பலர் உடைக்கிறார்கள். சட்டியை ஒரு இரவு தண்ணீரில் போட்டு ஊறவைத்து, ஈர மணல்மேல் கவிழ்த்து, ஆணியால் ஒரே இடத்தில் பூப்போலத் தட்டுங்கள். அடிக்கக் கூடாது, தட்டத் தட்டப் பொடி உதிர்ந்து தானே வழிவிடும்.

போத்தலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. கிடையாகப் படுக்கவைத்து மேலே ஒரு சன்னல் வெட்டி, கீழே நாலு ஓட்டை போட்டு, இரண்டு கம்பியில் ஏணிபோல ஐந்தாறு தொங்கவிட்டால் புதினாவும் மல்லியும் ஒரு சுவர் நிறைய வரும். பாரம் குறைவு, விழுந்தாலும் தலை தப்பும். மேல் போத்தலுக்கு ஊற்றும் தண்ணீர் கீழ் போத்தலுக்கும் சொட்டும். கீரைக்குப் போத்தல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூவுக்கு மட்டும் சட்டி. மண்சட்டி மூச்சுவிடும். ஓயாத மழையில் பிளாஸ்டிக்கில் நிற்கும் செடியின் வேர் அழுகும்போது, சட்டியில் உள்ள பெகோனியா தாக்குப்பிடிக்கும். சட்டிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளிருந்து கசியும் ஈரம் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். சும்மா விட்டால் மூடுபனியில் தானாகவே பச்சைப் பாசி பிடிக்கும், அந்த நிறம் எந்த டின்னிலும் கிடைக்காது. பெயின்ட் அடித்தே தீருவேன் என்றால் மண் போடாமல் சாவி, சில்லறைக் காசு வைக்கும் சட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: ஓட்டை இல்லாத எதையும் வெளியே விடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கண்டி, மாத்தளை, நாவலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்துப் பார்க்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. வந்து உங்கள் அலங்காரத்தைப் பாராட்டமாட்டார்.

தோரணத்துக்கு: கடதாசி, சீலைத்துண்டு, கம்பளி நூல்

தீபாவளி, பொங்கல் என்று ஒருநாள் கூத்துக்கு டிஷ்யூ கடதாசி மலிவு, பிள்ளைகளே வெட்டுவார்கள். அடுத்த நாள் காலை பனியில் அது நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கும். சீலைத்துண்டு முக்கோணம் வருடக்கணக்கில் வரும், ஆனால் ஓரம் தைக்கப் பொறுமை வேண்டும். மலைநாட்டில் மட்டும் கைவசம் உள்ள சரக்கு மிஞ்சிய கம்பளி நூல். ஸ்வெட்டர் பின்னி மிஞ்சியதும், பழசைப் பிரித்ததும் ஏதாவதொரு பையில் இல்லாத வீடு குறைவு. முள்ளுக்கரண்டியில் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரு ஓரமும் வெட்டினால் உருண்டைப் பூ. தைக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். ஈரத்தில் கொஞ்சம் சுருண்டாலும் உதறிவிட்டால் எழும்பிவிடும். அடுப்புச் சுவரில் மட்டும் கட்டாதீர்கள், புகையைக் குடித்துக் கறுத்துவிடும், நெருப்புக்கும் பக்கம்.

கடதாசி வெல்லும் இடம் ஒன்று உண்டு: கிறிஸ்மஸ் நட்சத்திரமும் வெசாக் விளக்குக் கூடும். துணியிலும் நூலிலும் அந்த வெளிச்சம் வராது. குச்சிக் கூட்டை மூங்கிலில் நூல் கட்டிச் செய்து, கடதாசியை ஓரங்களில் மட்டும் ஒட்டி, இஸ்தோப்புக்கு உள்ளே தள்ளித் தொங்கவிடுங்கள். முடிந்ததும் கடதாசியைக் கிழித்துவிட்டுக் கூட்டை ரீப்பைக்கு மேலே போட்டுவைத்தால், அடுத்த முறை செலவு கடதாசிக்கு மட்டும்தான்.