கொடைக்கானலுக்கு வாடகை ஸ்கூட்டர் எடுக்கிறவங்க கவனத்துக்கு: ரூ.4,700 போச்சு

திடீர்னு தோணி, தனியா ஒரு பையை மாட்டிக்கிட்டு கொடைக்கானலுக்குக் கிளம்புறவங்க முதல்ல இதைப் படிங்க. மலையடிவாரத்துல ரயிலடிப் பக்கம் இருக்கிற ஒரு வாடகை வண்டிக் கடையில ரூ.4,700 போச்சு. ரெண்டு நாள் வாடகை 1,200, டெபாசிட் 3,000, ‘இ-பாஸ் சார்ஜ்’ 500.

அந்த 500-ஏ பச்சைத் திருட்டு. 2024 மே 7-லேர்ந்து கொடைக்கும் ஊட்டிக்கும் சொந்த வண்டி, வாடகை வண்டியில போக இ-பாஸ் வேணும், சரி. ஆனா அது இலவசம். போன் நம்பர், வண்டி நம்பர், தேதி, தங்குற இடம் போட்டா க்யூஆர் கோடோட வந்துடும்.

கடைக்காரர் பேசினது இன்னும் காதுல இருக்கு: “தனியாவா போறீங்க தம்பி? பிரேக்கைப் பிடிச்சுப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு. டெபாசிட் உங்க பணந்தான், எங்க போயிடப் போகுது?” பிடிச்சுப் பார்த்தா லீவர் கல்லு மாதிரி. அதை நம்பித்தான் பணம் போட்டது.

லீவர் இறுக்கமா இருந்தா பிரேக் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. பின் சக்கரத்துல பிரேக் கேபிள் முடியுற இடத்துல ஒரு நட் இருக்கும். சக்கரத்துக்குள்ள இருக்கிற டிரம்ல உரசி வண்டியை நிறுத்துற பிரேக் ஷூ தேயத் தேய அதைத் திருகி இறுக்குவாங்க. இந்த வண்டியில மரை தீர்ற வரைக்கும் திருகி வச்சிருந்தாங்க. சமவெளியில எதுவும் தெரியாது. இறக்கத்துல கியர் வண்டியை மாதிரி ஸ்கூட்டரை இன்ஜின் பிடிச்சு நிறுத்தாது; வேகம் குறைஞ்சா கிளட்ச் விட்டுடும், மொத்த பாரமும் பிரேக் மேல. டிரம் சூடேறி விரிஞ்சு, பெருமாள்மலை தாண்டி டம்டம் பாறைக்கு முன்னாடி லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுடுச்சு. ஒரே கருகல் வாடை. மெக்கானிக் வீலைக் கழட்டினா, ஷூ மேல ஒட்டியிருக்கிற லைனர் காகிதம் மாதிரி தேய்ஞ்சு, மேல கண்ணாடிப் பளபளப்பு.

வண்டியைத் திருப்பிக் குடுத்தா, “எங்களைக் கேக்காம வீலைக் கழட்டிட்டீங்க, டெபாசிட் கிடையாது”ங்கிறாங்க. பழைய ஷூவைக் காட்டினா திரும்பிக்கூடப் பாக்கல. மதியம் “ஓனர் வெளியூர்ல இருக்காரு”. சாயங்காலம் “பில்லை அனுப்புங்க, பாத்துட்டு சொல்றோம்”. ராத்திரி நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. உயிரோட விளையாடிட்டு ரூ.4,700-ஐயும் அமுக்கிட்டாங்க.

இன்னொண்ணு, நம்பர் பிளேட் வெள்ளை. நாமே ஓட்டுற வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்துதான் இருக்கணும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்து அடிபட்டா இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிச்சுடலாம்.

விலாவாரியா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல கை ஓடல. இதையாவது செய்யுங்க: பிரேக்கை முழுசாப் பிடிச்சுக்கிட்டு பின் சக்கரத்துல கேபிள் இழுக்கிற பிரேக் ஆர்ம் பக்கத்துல இருக்கிற அம்புக்குறியைப் பாருங்க; அது எதிர்ல இருக்கிற குறிக்கு நேரா வந்துட்டா ஷூ காலி, அந்த வண்டி வேண்டாம். எடுக்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுங்க. ஒரிஜினல் லைசென்ஸைக் குடுக்காதீங்க. ரசீது இல்லாம டெபாசிட் போடாதீங்க. வத்தலகுண்டுலேர்ந்து அரசு பஸ் இருக்கு, அதுல போனா இ-பாஸும் வேண்டாம்.

விடிஞ்சதும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கிறேன். ரசீது இல்ல, பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டும் அந்தப் பழைய ஷூவும்தான் கையில இருக்கு.